மேசைக்கடியில் ஆறு

நாலு திருகாணியில் மூன்று
துருவோடு கழன்று வந்தன.
நாலாவது அசையவில்லை.
தேங்காயெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருந்து
பக்கத் தகட்டை இழுத்தால்
உள்ளே தாமிரபரணி.
காய்ந்து, காப்பிப்பொடி நிறத்தில்,
விசிறி இதழ்களில் அப்பிக்கொண்டு.
அடித்தட்டில் ஒரு நத்தைக்கூடு.

மார்கழி பிறந்த ராத்திரி
சிந்துபூந்துறைக்குள் ஆறு ஏறியபோது
மானிட்டரைப் பரணில் போட்டோம்,
பிரிண்டரை அடுத்த வீட்டு மாடிக்குத் தூக்கினோம்,
சிலிண்டரை ஜன்னல் கம்பியில் கட்டினோம்.
மேசைக்கடியில் ஒன்று இருந்ததை
யாரும் நினைக்கவில்லை.

நிவாரணப் பணத்தில் தெரு
மிக்ஸி வாங்கியது, மெத்தை வாங்கியது.
நான் மதர்போர்டு வாங்கினேன்.
“கோட்டி பிடிச்சிட்டா ஒனக்கு?” என்றாள்
ஆவுடைத்தங்கம் மதினி.
மூன்று தெருவுக்கும் கண்ணீர் அஞ்சலி
நான்தான் அடித்துக் கொடுக்கிறேன்.
ரேஷன் கார்டு போட்டோவிலிருந்து முகத்தை வெட்டி,
வெளுப்பாக்கி, சட்டை மாட்டி,
பின்னால் நீல வானம் போட்டு.

அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள்.
“மாலை போட்டிருந்த படம் தண்ணியோட போயிட்டு.
உங்கட்ட இருக்கும்லா?”
இருக்கும் என்றேன்.
எங்கே என்று சொல்லவில்லை.

வண்ணார்பேட்டைக் கடையில் ரசூல் மைதீன்
பழைய போர்டை மோந்து பார்த்தே உதட்டைப் பிதுக்கினான்.
ஹார்டு டிஸ்கின் பச்சைப் பலகையை மட்டும்
ஸ்பிரிட்டில் துடைத்துத் தந்தான்.
“ஒரு தடவ சுத்துனா பெருசு, அக்கா.
சுத்துதப்பவே காப்பி எடுத்துக்கிடுங்க.
கேபினெட்ட கழுவிரலாம். தகரம்தானே.”

கழுவினேன். சோப்புத்தூள், பழைய பல் பிரஷ்.
குழாயில் வந்ததும்
அதே ஆற்றுத் தண்ணீர்தான்.
மாடியில் ஈரப் பாய்களுக்குப் பக்கத்தில்
வெயில் பார்த்துக் கவிழ்த்து வைத்தேன்.

ப்ராசஸரை அழுத்தக் கூடாது.
தங்க முக்கோணத்தைத் தங்க முக்கோணத்துக்கு நேரே வைத்தால்
அதுவே உட்காரும்.
தெர்மல் பேஸ்ட் பட்டாணி அளவு என்றார்கள்,
எனக்குக் கொண்டைக்கடலையாக வந்தது.
துடைத்தேன். மறுபடி. மறுபடியும்.
தகட்டின் முனை சுண்டுவிரலைக் கிழித்தது.
போர்டில் சொட்டாமல் வாயில் வைத்துக்கொண்டேன்.

ஸ்விட்சைப் போட்டால் மூன்று தரம் கூவி
கறுப்பாகவே நின்றது.
சார்ஜாவிலிருந்து வீடியோவில் கொம்பையா:
“அமுக்காத, ஒடஞ்சிரும். பேசாம கடையில குடு.”
போனை மல்லாக்க வைத்தேன்.
அவர் எங்கள் உத்தரத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்க
கட்டைவிரல் வெளுக்க வெளுக்க
ரேமை அழுத்தினேன்.
டக்.

பவர் வயரும் ரீசெட் வயரும்
இடம் மாறிப் போயிருக்கின்றன.
பெரிய பொத்தானை அமுக்கினால் சும்மா கிடக்கிறது,
சின்னப் பொத்தான்தான் எழுப்புகிறது.
திரும்பக் கழற்ற மனசில்லை.

கடைசியாகப் பழைய டிஸ்க்.
முதலில் தொண்டையைச் செருமியது.
பிறகு சுற்றியது.
‘அஞ்சலி’ என்ற ஃபோல்டருக்குள்
சின்னச் சின்னச் சதுரங்களில்
ஒவ்வொருத்தராய் முகம் வந்தார்கள்.
அவசரமே இல்லாமல்,
பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் போல.
சில சதுரம் வெறும் வெள்ளை.
பச்சைக் கோடு நகர்ந்துகொண்டே இருந்தது,
காப்பி, காப்பி,
எழுபத்தொரு சதத்தில் நின்றேவிட்டது.

மதினியின் மாமனார் பாதிதான் வந்தார்.
நெற்றி, கண், மீசை, மோவாய்.
கழுத்துக்குக் கீழே ஒரே சாம்பல்,
தண்ணீர் நிற்கிறது போல.

கூப்பிட்டுக் காட்டினேன்.
ரொம்ப நேரம் நின்றாள்.
இடது காலை நாற்காலிக் கம்பியில் வைத்து
இறக்கினாள்.
“கழுத்து வரைக்கும் போதும்ட்டி.
கீழ மாலைதான தொங்கும்.”

அடுத்த வீட்டு மாடியிலிருந்து
இரண்டு பேருமாய்
பிரிண்டரை இறக்கினோம்.